இன்வெர்ட்டர் ரெண்டையும் தாங்காது

எங்க வேங்கிக்கால் பக்கம் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போயிடும், சார். புதுசா வீடு கட்டி வந்த எல்லாரும் இன்வெர்ட்டர் போட்டிருக்கோம்.

நான் காலேஜ்ல பிசிக்ஸ் நடத்தறேன். வீட்டுல பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வெச்சு அணுக்கருவைப் பத்தி கணக்கு போடறேன். ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதினா அதுல தங்கம் உண்டாகுது. ஆனா தங்கமா ஆகறதுக்கு முன்னாடி வர்ற அணுக்கரு எதுவும் நிக்காது, சிதைஞ்சுடும். பூமியில அதைச் செஞ்சு பார்க்கவும் முடியல. ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் தாங்கும்னு கம்ப்யூட்டர்தான் சொல்லணும். மாசக்கணக்கா ஓடிட்டிருந்துச்சு. நடுவுல நின்னுடுமோன்னு எனக்கு எப்பவும் பயம். சோறு இறங்காது.

என் வீட்டுக்காரி சந்திரகலாவுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. ஆக்சிஜன் மிஷின் இல்லாம முடியாது. அதுவும் கரண்ட்டுலதான் ஓடும்.

அன்னைக்கு மத்தியானம் மழை. கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சுது. இத்தனை நாள் எப்படியோ இழுத்துச்சு, அன்னைக்கு பேட்டரி இறங்கிப்போச்சு; லோடு ஜாஸ்தி, ரெண்டையும் தாங்காது. ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். கத்தறது நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

"ஏங்க, மிஷின் நின்னுபோச்சுங்க"ன்னா.

"கரண்ட் வந்துடும், கலா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உங்க கம்ப்யூட்டரை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்."

நம்பினா. நான் எது சொன்னாலும் நம்பறவதான்.

அவசரத்துக்கு வெச்சிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. மாத்தி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன், வேலை மும்முரத்துல மறந்துட்டேன். அப்படிப் பார்க்காதீங்க சார், மறக்காத மனுஷன் யாரு?

மிஷின் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்குவாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம்னு நான் கேட்டு வெச்சுக்கல. கலா என் கையைக் கெட்டியாப் பிடிச்சா. உதடு நீலமாயிடுச்சு. அந்தக் கண்ணைப் பார்க்க ரொம்ப பயமா இருந்துச்சு. கையை விடுவிச்சுட்டு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டேன். மழைச் சத்தத்துல அவ கூப்பிட்டது கம்மியாத்தான் கேட்டுது.

கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தா என்ன குடி முழுகிடும்னு கேக்கறீங்க. ஒண்ணும் முழுகியிருக்காது. போட்ட கணக்கை அது அப்பப்போ தானா சேமிச்சுக்கும், விட்ட இடத்துலேர்ந்து தொடங்கலாம். அது எனக்கு அப்பவே தெரியும்.

கரண்ட் வந்தப்போ கலா இல்லை. மிஷினை நான்தான் நிறுத்தினேன். எழுதிக்கோங்க, கையெழுத்து போடறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். வீட்டுக்கு சீல் வெக்கறப்போ மெயினை மட்டும் ஆஃப் பண்ணிட வேணாம்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க. கணக்கு இன்னும் ஓடிட்டிருக்கு. எனக்கு பயமா இருக்கு.