பட்டனின் ரப்பர்

"சார், அழிச்ச பேரு எங்க சார் போகும்?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. வகுப்பிலேயே உட்கார்ந்து மாணவர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் பென்சிலால் எழுதி, கூட்டிச் சரிபார்த்து, பிறகுதான் மையால் எழுதுவேன். தலைமையாசிரியரான நாளிலிருந்து உள்ள பழக்கம். அன்று என் ரப்பரைக் காணவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்தவள் எழுந்து வந்து தன்னுடையதை நீட்டினாள்.

"மறக்காம திருப்பிக் குடுத்துடணும் சார்."

"தலைமையாசிரியரையே நம்ப மாட்டியா?"

"நீங்க போட்டிருக்கற கண்ணாடியையே தேடறவரு சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளைப் பட்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அம்மாவுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் வேலை. இவள் பையில் எப்போதும் நாலு பட்டன் கிலுகிலுக்கும்.

அழிச்ச பேரு தூளாகப் போய்விடும் என்று சொன்னேன். மேசையில் கிடந்த தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்து, பட்டன்களோடு பையில் போட்டுக்கொண்டாள். நான் அழித்தது அவள் பெயரைத்தான். அது அவளுக்குத் தெரியாது.

நீங்கள் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வருகைப் பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர், தேர்வுப் பட்டியலில் முப்பத்தொரு பேர், இது எப்படி என்கிறீர்கள். சொல்கிறேன். தொடர்ந்து மூன்று வருடம் அறுபது விழுக்காட்டுக்குக் கீழே போனால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. லாரி ஓடும் சாலையைப் பிள்ளைகள் தினமும் கடக்க வேண்டியிருக்கும். அதை நினைத்து நான் தூங்காமல் இருந்ததுண்டு.

ஆண்டறிக்கையில் பெற்றோரின் தொழிலுக்கு ஒரு பத்தி உண்டு. அதைப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். ஆலைக் கொட்டகைகளில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் வருடத்தில் பாதி நாள் வேறு ஊரில் இருப்பார்கள். மதிப்பெண் அங்கேதான் சரியும். அந்த ஏழு பேரையும் 'இடம் மாறிச் சென்றனர்' என்று எழுதினேன். தேர்வு முடிந்ததும் திரும்பி வந்ததாக எழுதிக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

"பரீட்சை வந்தா மட்டும் நம்ம பிள்ளைங்களுக்கு ஊர் மாத்தம் வந்துடுது, இல்ல சார்?" என்றார் கணக்கு டீச்சர். கேலிதான். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாளில் ஏழாம் வகுப்புக்கு மட்டும்தான் பள்ளி. அந்த ஏழு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆறு பேர் வரவில்லை. பட்டன் வந்துவிட்டாள். அம்மாவுக்குக் காலை ஷிப்ட். கொட்டகையில் தனியாக இருக்கப் பயம். பென்சிலை ஊசி மாதிரி சீவிக்கொண்டு கேட்டில் நின்றாள்.

"நானும் எழுதறேன் சார்."

விரட்ட மனம் வரவில்லை. சின்னச் சின்ன உதவிகள்தான் உலகத்தைத் தாங்கி நிற்கின்றன என்று நம்புகிறவன் நான். தினமும் காலையில் ஆண்டவனிடம் கேட்பதும் அதுதான்: இன்று ஒருவருக்காவது உதவ வேண்டும். பின்கட்டில் பழைய பெஞ்சுகளும் காகிதக் கட்டுகளும் போட்டுவைக்கும் அறையில் அவளை உட்காரவைத்தேன். படப் புத்தகம் கொடுத்தேன். தண்ணீர் வைத்தேன். வேர்க்குமே என்று மின்விசிறியையும் போட்டுவிட்டேன். தேர்வைப் பார்வையிட வரும் அதிகாரி வராந்தாவில் நடப்பார், நான் வந்து கூப்பிடும்வரை சத்தம் போடக் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினாள்.

பதினொரு மணிக்குப் பின்கட்டிலிருந்து புகை வந்தது. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினோம். அதிகாரி பட்டியலை வாங்கிப் படித்தார். முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு 'உள்ளேன் ஐயா'. தீயணைப்பு வீரர் ஓடி வந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றேன்.

மறந்து சொன்னதாக நினைக்க வேண்டாம். மறக்கவில்லை. சத்தம் கேட்டால் அவர்களே போய்த் திறப்பார்கள் என்று நினைத்தேன். அவள் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. சத்தம் போடவில்லை.

பழைய மின்விசிறியில் தீப்பொறி என்று அறிக்கை எழுதினார்கள். பழைய சாமான் போடும் அறையில் மின்விசிறி ஏன் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாத சிறுமி அத்துமீறி நுழைந்ததாக ஒரு வரி இருந்தது. அவள் அம்மாவிடமும் நான் அதையே சொன்னேன்: "உங்க பொண்ணு பேரு பட்டியல்ல இல்லம்மா."

"பட்டியல்ல இல்லாத பொண்ணுக்குக் காலையில கேட்டைத் திறந்துவிட்டது யாரு சார்?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

தள்ளிவைத்து நடத்திய தேர்வில் அந்த வருடம் அறுபத்தொரு விழுக்காடு. பள்ளி நிலைத்தது. ஆனால் ஏழாம் வகுப்பில் வருகை எடுக்கும்போது பதினேழாம் எண்ணுக்குப் பிறகு ஒரு மூச்சு அளவுக்கு அமைதி வருகிறது. அவளுடைய பதினெட்டாம் எண் இப்போது யாருக்கோ, அந்தப் பையன் உடனே பதில் சொல்வதில்லை. யாருக்கோ இடம் விட்டுக் காத்திருக்கிறான். அந்த அமைதியில் எனக்குப் பட்டன் கிலுகிலுப்பது கேட்கும்.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது மாதிரித் தேர்வுத் தாள்கள் கிடைத்தன. திருத்தாமல் கிடந்த கட்டு. அவளுடையதைத் திருத்தினேன். எழுபத்தொன்று. நான் பத்தியைப் பார்த்தேனே தவிர, பிள்ளையின் தாளைப் பார்க்கவில்லை. அவளை விட்டுவைத்திருந்தால் விழுக்காடு கூடியிருக்கும்.

கேட்க வந்தீர்கள், முழுவதும் சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்கதவை வெளியிலிருந்து பூட்டியது நான். தீயணைப்பு வீரர் கேட்டபோது சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கையை அதன்மேல்தான் வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் யாருக்கும் பாக்கி வைக்கிறவன் அல்ல. நேற்று பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு ஏழாம் வகுப்புக்குப் போனேன். மூன்றாவது வரிசையில் அவள் உட்காரும் இடத்தில், மேசைக்கு உள்ளே, அந்த ரப்பரை வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. அவளிடம் வாங்கியது அது ஒன்றுதான்.