கட்டார் நேரம்

நான்: தேங்காய் துருவிக்கொண்டு இருந்தன்.

ரிப்கா: மாமா, விடியக் காலையில மழைக்குள்ள செட்டிபாளையத்தில இருந்து வந்து நிக்கிறீங்க. பாவம் எண்டு கடையையும் திறந்திட்டன். நான் கேட்டது கம்பியூட்டரப் பத்தி. பூட்டுப்பட முதல் இதில என்ன செஞ்சீங்க?

நான்: அதைத்தான் சொல்றன் மகள். தேங்காயத் துருவிக்கொண்டு, கண்ணகைட வீடியோவப் போட்டன். சொதி வைக்கிற வீடியோ. கட்டார்ல இருந்து எனக்கு எடுத்து அனுப்பினவ.

ரிப்கா: மாமியப் பாத்துத்தான் சமையலா? இன்னும் பாடமில்லையா?

நான்: பாடம்தான்... எண்டாலும் போடுவன். அண்டைக்கு ஓடல்ல. இன்டர்நெட்டில தேடினன். புதுசா ஒரு பிளேயர் இறக்கினா ஓடுமாம் எண்டு வந்திச்சு.

ரிப்கா: அமத்திட்டீங்க.

நான்: பச்சை நிறத்தில பெரிசா ஒரு பட்டன் இருந்திச்சு...

ரிப்கா: கள்ளனுகள் பச்சையிலதான் போடுவானுகள். அந்தப் பிளேயரோட வந்தவன்தான் இவன். மறுகா?

நான்: மறுகா என்ன, திரை முழுக்கப் பொலிஸ் சின்னம். இங்கிலீசில குற்றமாம், தண்டமாம். நான் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனன்.

ரிப்கா: யா அல்லாஹ்! சரணடையவா?

நான்: சிரிக்காத புள்ள. கட்டார் பொலிசாக்கும் எண்டு நினைச்சிட்டன். கண்ணகைட பேருக்கு ஏதும் கரைச்சலோ எண்டு... அங்க இருந்த ஐயாதான், இது கள்ள வேலை, காசு கட்டிராத எண்டவர்.

ரிப்கா: சரியாச் சொல்லியிரிக்கார். கட்டினாலும் திறந்து விடுவானுகள் எண்டு நம்பேலா.

நான்: டவுனில ஒரு கடையில குடுத்தன். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துவமாம். பறிச்சுக்கொண்டு வந்திட்டன். ஒண்டும் அழியப்படாது மகள். அவ வந்து கேட்டா நான் என்ன சொல்ற? என்னைக் கொன்றுபோடுவா.

ரிப்கா: ...மாமி அவ்வளவு கோபக்காரியா?

நான்: அவட சம்பளத்தில வாங்கின கம்பியூட்டரெல்லோ.

ரிப்கா: சரி. மாமிக்குப் பயந்தே செய்வம். இன்டர்நெட் இல்லாம, சேஃப் மோட்ல எழுப்புறன். அதில அவசியமான சாமான் மட்டும்தான் எழும்பும். கள்ளன் படுத்துக் கிடப்பான்.

நான்: அவனும் எழும்பிட்டான் எண்டா?

ரிப்கா: பென் ட்ரைவ்ல இருந்து எழுப்பி அடிக்கலாம். பொறுங்க... ம்ம்.

நான்: என்ன ம்ம்?

ரிப்கா: வெளிச்சத்த மறைக்காதீங்க மாமா. அந்தக் கதிரையில இரிங்க.

நான்: வீடியோ இரிக்கா?

ரிப்கா: உள்ள இரிக்கிற எல்லாத்தையும் பூட்டுற வகையும் இரிக்கி. அது பொல்லாதது, அதுக்கு என்னட்ட மருந்தில்ல. இது திரைய மட்டும் மறைக்கிற வகை எண்டு நினைக்கிறன்.

நான்: நினைக்கிறியா?

ரிப்கா: ...பாருங்க. பொலிஸக் காணல்ல.

நான்: ஓம்! இது கல்லடிப் பாலத்தில நாங்க எடுத்த படம்!

ரிப்கா: இவன்தான் ஆள். கம்பியூட்டரோட சேந்து தானா எழும்புற ஆக்கள்ற வரிசையில, பிளேயர் எண்டு பேர வெச்சிக்கிட்டு நிக்கான். இதில நிப்பாட்டி, ஆளையும் அழிச்சாச்சு. இனி வைரஸ் ஸ்கேன். மிச்சம் மீதி ஒளிச்சிருந்தாப் பிடிபடும். தேத்தண்ணி குடிங்க.

நான்: இறங்காது.

ரிப்கா: குடிங்க... ஆறப்போகுது... முடிஞ்சு மாமா. இனி வழமை போல எழுப்புறன். பாத்தீங்களா, வரல்ல. ஒண்டும் அழியவும் இல்ல. உங்கட பழைய பிளேயரையும் அதுட சொந்த இடத்தில இருந்தே புதுப்பிச்சிட்டன். வீடியோவப் பென்லயும் ஏத்தித் தாறன். அதக் கழட்டியே வைங்க. இதுதானே சொதி வீடியோ? போடுறன்.

கண்ணகை: இஞ்சருங்க, தேங்காய் துருவிட்டீங்களா?

நான்: துருவிட்டன்.

கண்ணகை: தலைப்பாலக் கடைசியா விடுங்க. கொதிக்க விட்டிராதீங்க. எத்தினை தரம் சொன்னாலும்...

நான்: விடமாட்டன் கண்ணகை.

ரிப்கா: ...நல்ல குரல் மாமிக்கு.

நான்: ஏசுற நேரம் இன்னும் நல்லா இருக்கும்.

ரிப்கா: மாமா, இதில நேரம் மட்டும் பிந்திக் கிடக்கு. சரி பண்ணவா?

நான்: வேணாம்! அது கட்டார் நேரம். அவ வேலை முடிஞ்சு அறைக்கு வாற நேரம் பாக்க வெச்சது... மகள், நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன். அவ வந்து கேட்கமாட்டா. செத்த ஆளின்ட சாமான் எண்டு சொன்னா, நீயும் கவனமில்லாம அழிச்சிருவியோ எண்டு...

ரிப்கா: மாமியோட ஒரே அறையில இருந்த ஸகியாதான் என்ட உம்மா. கட்டார்ல இருந்து மாமிட பெட்டி வந்த அண்டைக்கு நாங்க ரெண்டு பேரும் உங்கட வீட்டுக்கு வந்தம் மாமா, நீங்க ஆரையும் நிமிந்து பாக்கல்ல. நேரத்த நான் தொடல்ல, பாருங்க... அங்க இப்பதான் விடியுது.