ரவி அண்ணன் தாடி

"அந்தத் தாடி கிடைக்கலைன்னா நான் ஃபெயில்தான் லா."

பாயான் பாருவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த மாணவி இப்படிச் சொன்னாள். நான் தொழிற்சாலை வாசல்களில் வேலை கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, காது மட்டும் நன்றாக வேலை செய்தது. அவள் மடியில் ஐஸ் போட்ட பிஸ்கட் டின். அதற்குள் மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்று.

"இன்னும் கெட்டியாகலையா?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"எண்ணெய் மாதிரியே நிக்குது டீ. ஐஸ்ல வச்சேன், கண்ணாடிய உள்பக்கமா சுரண்டிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள கிறிஸ்டல் காட்டலைன்னா இந்த லேப்ப மறுபடி ஒரு வருஷம் செய்யணும்."

"அதுக்கு ரவி அண்ணன் தாடி எதுக்கு?"

"போன வருஷம் இதே சரக்கை அவருதான் செஞ்சாரு. அவரு செஞ்ச கிறிஸ்டல்ல ஒரு தூசி இதுக்குள்ள விழுந்தாப் போதும், இதுவும் மொத்தமா கிறிஸ்டலாயிரும். அவரு தாடியில கண்டிப்பா ஒட்டியிருக்கும்."

"ஒரு வருஷமாவா? அவரு குளிக்கவே மாட்டாரா?"

மாணவியின் கைபேசி அடித்தது; ரவி அண்ணன்தான். பேசி முடித்ததும் முகம் தொங்கிப்போனது.

"அலாமா! நேத்துதான் ஷேவ் பண்ணாராம். நாளைக்கு அவருக்கு நிச்சயதார்த்தமாம்."

தோழி கொஞ்சம் யோசித்தாள். "அவரு லேப்ல போட்ட வெள்ளைக் கோட்டு?"

மாணவி உடனே அவரைத் திரும்ப அழைத்தாள். "அண்ணே, உங்க லேப் கோட்டை எப்பவாச்சும் துவைச்சிருக்கீங்களா?"

பதிலைக் கேட்டதும் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே வெட்கப்படுறீங்க? நீங்க தெய்வம்! அப்படியே உதறாம எடுத்துட்டு வாங்க."