எழுபதாவது பந்து

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வெஸ்ட் வின்ட்சரின் இதே நூலக அறையில், "கவுன்ட் யார் பாத்தது?" என்று கேட்டார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை.

கோச் ரே டோபினின் இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குமாரசாமி அங்கிள் அவர்களே, அவருடைய மகள் லிண்டா அவர்களே, அவரிடம் பேஸ்பால் கற்றவர்களே, பெற்றோர்களே! அன்று சொல்லாததைச் சொல்லவே நிற்கிறேன். லிண்டாவிடம் காலையிலேயே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

யார் இந்த டோபின்? 1950களில் மூன்று ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்தில் பந்தெறிந்தவர். தோள் வலிக்கிறது என்று சொல்லியும் ஒரே நாளில் நூற்றறுபது பந்துகள் எறியவைக்கப்பட்டவர். இருபத்து நான்கு வயதில் எல்லாம் முடிந்தது. அந்த வலது கை பிறகு வாய்வரைகூட எட்டியதில்லை. நம் பொங்கல் விழாவில், "என்னங்க இவர், லெஃப்ட் ஹேண்ட்ல வடை சாப்பிடறார்!" என்று சாந்தி ஆன்ட்டி முகம் சுளித்தாரே, நினைவிருக்கிறதா? காரணம் தெரிந்தபின் ஆன்ட்டியே தட்டை அவருடைய இடப்பக்கம் வைத்தார்.

கோச்சாக அவருக்கு ஒரே சட்டம்: ஓர் ஆட்டத்தில் ஒரு பிள்ளை எறியலாம் எழுபது பந்து, அதற்கு மேல் கூடாது. எழுபதானதும் மைதானத்துக்குள் நடப்பார், இடது கையை நீட்டுவார், பந்தை வாங்கிக்கொள்வார். எத்தனை பிள்ளைகள் அழுதார்கள்! எத்தனை கைகள் பிழைத்தன!

எண்பத்தோராவது வயதில் அவருக்குப் பார்வை மங்கியது. அதைப் பெற்றோரிடம் மறைத்தார். பந்துக்கு ஒருமுறை அழுத்தி எண்ணும் க்ளிக்கரைப் பதின்மூன்று வயதான என்னிடம் தந்து, "முகத்தைப் பார்க்காதே, பந்தை மட்டும் எண்ணு" என்றார்.

இறுதி ஆட்டம். குமாரசாமி அங்கிளின் மகன் நவநீத் எறிந்தான். நாற்பத்தெட்டு பந்துகள் ஆன இடைவேளையில் என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, டோன்ட் கவுன்ட் எவ்ரிதிங். ஐ வான்ட் டு ஃபினிஷ், ப்ளீஸ்!"

நான் முகத்தைப் பார்த்தேன். அதன்பின் மூன்று பந்துக்கு ஒருமுறைதான் அழுத்தினேன். ஜெயித்தோம். க்ளிக்கர் அறுபத்து நான்கு காட்டியது. எதிரணி குறித்துவைத்திருந்தது தொண்ணூற்றாறு. நவநீத்தின் முழங்கையில் எலும்பு உடைந்திருந்தது. அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

"கவுன்ட் யார் பாத்தது?" குமாரசாமி அங்கிள், இந்த அறையில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் நீங்கள்தான் கேட்டீர்கள். மகனின் கையைக் கண்ட தகப்பன் வேறென்ன கேட்பார்? கோச் எழுந்தார். "ஐ டிட். ஐ லாஸ்ட் கவுன்ட்." என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட க்ளிக்கர் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. "வயசாயிடுச்சு, இனி போதும்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கோச் என் பக்கம் திரும்பவே இல்லை.

எண்ணியவள் நான். குறைத்தவள் நான். அவரைப் பேசவிட்டு உட்கார்ந்திருந்தவளும் நான்.

நீங்கள் அனுமதித்தால், இந்தச் சனிக்கிழமை முதல் நம் பிள்ளைகளின் ஆட்டங்களில் க்ளிக்கரோடு நிற்கிறேன். எழுபதானால், எவர் கெஞ்சினாலும், நானே நடந்துபோய்ப் பந்தை வாங்குவேன்.

அன்று கூட்டம் முடிந்ததும் கோச் டோபின் மைதானச் சாவியை இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை.