ஆறாவது மாதத்து மதிப்பெண்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் என் படிவங்களைச் சிரமமில்லாமல் படித்திருப்பீர்கள்.

மனச்சிதைவுக்கு மருந்து வாங்கிப் போக வரும் வெளிநோயாளிகளை உட்காரவைத்து எட்டு விஷயம் கேட்பது என் வேலை. குரல் கேட்கிறதா, யாராவது துரத்துகிறார்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஏற ஏற நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். எட்டும் மூன்றைத் தாண்டாமல் ஆறு மாதம் நின்றால் நோய் தணிந்தது என்று எழுதலாம். ஒரு நான்கு விழுந்தால் போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நீங்கள் விசாரிக்கும் அந்தத் தையல்காரி அப்படி ஐந்து மாதம் தாண்டியிருந்தாள். அவளுடைய நாலு வயது மகள் நாத்தனார் வீட்டில் இருந்தாள். நான் தணிந்தது என்று எழுதினால்தான் பிள்ளையைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. என் பிரிவிலும் அந்த வருடம் ஒருவர்கூடத் தேறவில்லை. தலைமை மருத்துவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது மாதம் வந்து உட்கார்ந்தவள், ஊசி குத்திய விரலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"குரல் திரும்ப வந்துடுச்சு சார். பாப்பாவத் தண்ணியில அமுக்குன்னு சொல்லுது."

"தினமுமா?"

"தினமும்தான். எனக்கே பயமா இருக்கு."

அது ஆறு. சந்தேகமே இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"இத எழுதினா பாப்பா வராதும்மா. முன்னாடி கேட்டுச்சு, இப்ப இல்லன்னு சொல்லு. எங்க, சொல்லு பாக்கலாம்."

முதலில் தடுமாறினாள். கண்ணைத் தாழ்த்தாமல் சொல்லும்வரை நாலைந்து முறை சொல்லவைத்தேன். பிறகு இரண்டு என்று எழுதினேன். மூன்றும் போட்டிருக்கலாம்தான், ஆனால் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். மருத்துவர் படிவத்தைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார். போகும்போது அவள் என்னைக் கும்பிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாத்தனார் கொண்டுவந்து விட்ட ஒன்பதாம் நாள் மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறாள். தொட்டி அப்படி ஒன்றும் ஆழமில்லையாம். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது மாதம், காவலில் இருந்தவளைப் பரிசோதிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். குரல் கேட்கிறதா என்று கேட்டேன். என் கண்ணை நேராகப் பார்த்து, "முன்னாடி கேட்டுச்சு சார், இப்ப இல்ல" என்றாள். தடுமாறவே இல்லை.

ஆறு என்று தெரிந்தே இரண்டு எழுதியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஏழாவது மாதத்திலும் அவளுக்கு எட்டும் மூன்றுக்குள்தான் இருக்கிறது.