ஒரு சொட்டும் இல்லாமல்

— பதினொண்ணாவது தடவையும் வெறும் மாவுதான், ஏசுபாதம் அண்ணா. ஜார்ல போட்ட ரெண்டு பொடியும் சேரவே இல்ல.

— நான் லீவுல போற வரைக்கும் நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு, ரேஷ்மாம்மா? மிசினு பேஜார் பண்ணுதா?

— மோட்டார் சரியா இருக்கு. அரைக்கிற இரும்புக் குண்டும் அதேதான். பொடியக்கூட புதுசா வாங்கிப் பார்த்துட்டேன். உங்க பொண்ணுக்குப் பிரசவம் ஆச்சா? அதைக்கூட கேக்கல பாருங்க.

— ஆச்சும்மா, பொட்டப்புள்ள. நீ இன்னா, மூஞ்சி செத்துப்போயி கீது? ஜிஎஸ்டி ரோடு தாண்டிப் போயி ஒரு டீயாச்சும் குடி.

— அப்புறம் குடிக்கிறேன். திங்கக்கிழமை வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வராரு. அவர் கண்ணெதிர்ல அரைச்சுக் காட்டணும். பொடி சேரலைன்னா மூணு வருஷமும் போச்சு.

— மூணு வருசமா உனக்கு ஜார் கழுவிக் குடுக்கிறேன். இன்னாத்த அரைக்கிறேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது.

— ஒண்ணு ஜிங்க் ஆக்சைடு, முகத்துக்குப் போடுற பவுடர்லகூட இருக்கும். இன்னொண்ணு அதைப் பிடிச்சுக் கட்டுற பொடி. ரெண்டும் சேர்ந்தா சாரம் கட்டின மாதிரி நிக்கும். முடிச்செல்லாம் ஜிங்க், கம்பெல்லாம் அந்த இன்னொண்ணு. நடுவுல இருக்கிற பொந்துல வாயுவ அடைச்சு வெக்கலாம்.

— பெரும்பாக்கத்துல எங்க பிளாக்குக்கு பெயின்ட் அடிக்கக் கட்னாங்களே, அந்தச் சாரமா?

— அதேதான். ஆனா கண்ணுக்குத் தெரியாது. மத்தவங்க இதையே ஏதாவது திரவத்துல கரைச்சு நாள் பூரா சூடு பண்ணுவாங்க. அப்புறம் கேன் கேனா விஷக் கழிவு. நான் இரும்பு ஜார்ல ரெண்டு குண்டோட போட்டு அரை மணி ஆட்டினா போதும்னு சொல்றேன். ஒரு சொட்டு திரவமும் வேணாம். தீசிஸ் தலைப்பே அதுதான்.

— ஒரு சொட்டு உட்டா இன்னா ஆவும்?

— சுலபமா சேர்ந்துடும். ஈரம் பட்டா பொடி வழுக்கி, ஒண்ணை ஒண்ணு தேடிப் பிடிச்சுக்கும். அதை எவ்வளவோ பேர் முன்னாடியே பண்ணிட்டாங்க. காஞ்ச பொடிய காஞ்சபடியே சேர்த்தேன்னுதான் எனக்குப் பேரு.

— நான் இல்லாதப்ப ஜாரை யாரு கழுவுனது?

— நான்தான். நீங்க பண்ற மாதிரியே, செவுத்துல ஒட்டியிருக்கிற ரூல்படி. ஸ்பிரிட் ஊத்தி அலசி, ஓவன்ல ரெண்டு மணி நேரம் காய வெச்சேன்.

— கோச்சிக்காதம்மா. அண்ணா சீக்கிரம், அண்ணா சீக்கிரம்னு வாசப்படியிலயே நிப்பே, காய வெக்க எங்க டைம் குடுத்தே? மூணு வருசமும் ஸ்பிரிட்டு சொட்டச் சொட்டத்தான் குடுத்துகினு இருந்தேன்.