மெத்தையை வானிலைச் செய்தியாக்கிய அக்காவுக்கு

மேகத்தின் மனமறிந்து, மேலாளரின் முகமறிந்து, இருபத்தேழு ஆண்டுகள் நம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை வாசித்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய வானிலை அக்கா அவர்களே, வணக்கம்.

மாலைச் செய்தியில் தங்களுக்குக் கிடைத்தது மூன்றே நிமிடம். அதில் இடம்பிடிக்க வந்த கடிதங்களோ மூட்டை மூட்டை. குடைக் கம்பெனிக்காரர் வண்ணத்தாளில் பன்னிரண்டு பக்கம் அனுப்பிவிட்டு, ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் போட்டார். முகத்தில் பவுடர் பூசியபடியே தாங்கள் தந்த பதிலை ஒப்பனை அறையே கேட்டது: "பார்த்தேன் சார். குடை இருக்கு, உங்க போட்டோ இருக்கு, மழையைத்தான் காணோம். மழையோட வாங்க. அதுவும் காலையில வாங்க."

அப்படிக் காலையில் அழைத்தவர் சலவைக்கடை அம்மா. "ஸ்கூல் வாசல் சாக்கடையில யாரோ பழைய மெத்தையைத் திணிச்சிருக்காங்க. நாளைக்கு மழைன்னு நீங்கதான் சொன்னீங்க. தண்ணி கிளாஸுக்குள்ள போயிடும். கேமராவோட வந்தா நான் காட்டுறேன்." என்ன செய்தி, ஏன் இன்று, எதைப் படம்பிடிப்பது, யார் பேசுவார், எல்லாம் அதற்குள் அடக்கம்.

இம்மடலின் கீழே முதல் கையெழுத்திட்டிருக்கும் செய்தி ஆசிரியர் அன்று ஒப்பவில்லை. "மெத்தை எப்படிம்மா வானிலை ஆகும்?"

"மழை பெஞ்சா ஆயிடும் சார். இன்னைக்கே போட்டுட்டா ஆகாது."

நாற்பது வினாடி கொடுத்தார். தாங்கள் சாக்கடையோரம் நின்று பேசியபோது செருப்பொன்று உள்ளே போனது, பேச்சு நிற்கவில்லை. செய்தி முடிந்த கையோடு நகராட்சி ஆட்கள் வந்து இழுத்தார்கள். மெத்தையோடு செருப்பும் வெளியே வந்தது.

மறுநாள், "லேசான தூறல்" என்று தாங்கள் அறிவித்த மழை நான்கு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பள்ளிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நன்றி சொல்லத் தலைமையாசிரியர் ஒருவர்தான் அழைத்தார். திட்டுவதற்கு நனைந்தவர்கள் நூறு பேர் அழைத்தார்கள். அத்தனை அழைப்பையும் தாங்களே எடுத்தீர்கள். அன்று மாலை, தலை ஈரம் காயாமல் திரையில் நின்று, "தூறல்னு சொன்னேன். தப்பு என்னோடதுதான்" என்றீர்கள். வானத்தின் மேல் பழி போடவில்லை. அன்பு முன்பே இருந்தது. எங்களுக்குத் தங்கள்மேல் மரியாதை வந்தது அந்த நொடியில்தான்.

உடல்நலமும் உள்ளநலமும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க. நாளை முதல் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது தங்கள் குற்றமல்ல. ஜன்னலைத் திறந்து நிம்மதியாக வேடிக்கை பாருங்கள். வாங்கிக் கட்டிக்கொள்ள இனி நாங்கள் இருக்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
செய்தி ஆசிரியர்,
ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனை அறையினர்
மற்றும் செய்திப் பிரிவினர்